அம்மாவின் படத்துக்கு விழுந்த மாலை

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஆடி கழிந்து ஆவணி பிறந்திருந்த நேரம். திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்தார் கண்காட்சி வைத்திருந்தார்கள். பழைய ஓவியங்கள், புகைப்படங்கள், கல்வெட்டுப் படிகள் எல்லாம் உண்டு. வீட்டில் பழைய படம் இருந்தால் கொடுங்கள், பத்திரமாகத் திருப்பித் தருகிறோம் என்று கேட்டிருந்தார்கள். நான் அம்மாவின் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அது பென்சிலில் வரைந்த படம். அம்மா காலேஜில் படிக்கும்போது பக்கத்து பெஞ்சுத் தோழி வரைந்தது. இரட்டைப் பின்னலும், யாரையும் சட்டை செய்யாத பார்வையுமாக அம்மா இருப்பாள். அந்தக் காலத்து மாணவி ஒருத்தி வரைந்தது என்றதும் சங்கத்தார் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள்.

உண்மையில் எனக்கு வரலாறும் முக்கியமில்லை, ஓவியமும் முக்கியமில்லை. அப்பா போன பிறகு அம்மா ஸ்ரீரங்கத்து வீட்டை விட்டு வெளியே வருவதையே விட்டுவிட்டாள். முழங்கால் வலி என்பாள், வெயில் என்பாள், மழை என்பாள். எதுவும் இல்லாத நாளில் டிவியில் ஏதாவது இருக்கும். பேச்சும் வரவரக் குறைந்துகொண்டே வந்தது. தன் படத்தைப் பார்க்கவாவது கிளம்புவாள் என்று கணக்குப் போட்டேன்.

"அதான் படம் போயிருக்குல்ல, நான் வேற எதுக்கு?" என்றாள்.

சனிக்கிழமை திறப்பு விழாவுக்கு வரவே இல்லை. எனக்கும் ஆபீஸ். ஞாயிறு காலையில், "நீ வரலேன்னா படத்தை அவங்ககிட்டயே குடுத்துட்டு வந்துடுவேன்" என்று மிரட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே புடவை மாற்றினாள். ஆட்டோ காவேரிப் பாலத்தில் போகும்போது, "தண்ணி நிறைய வருதே" என்று தானாகச் சொன்னாள். எனக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் படத்தைத் தேடினேன். அம்மாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. நெற்றியில், சட்டக் கண்ணாடி மேல், சந்தனமும் குங்குமமும். கீழே ஊதுபத்தி எரிந்து முடிந்த சாம்பல்.

அந்தச் சுவர் முழுக்க ஊர்ப் பெரியவர்களின் படங்கள். எல்லாரும் காலமானவர்கள். திறப்பு விழாவுக்காக அவர்களுக்கு மாலை போட்ட சங்கத்துக்காரர், நடுவில் ஒரு படம் மட்டும் மொட்டையாக இருக்கிறதே என்று இதற்கும் போட்டுவிட்டார். நம் ஊரில் சுவரில் மாட்டிய பழைய படம் என்றால் ஆள் இல்லை என்றுதானே அர்த்தம். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஆனால் அன்றைக்கு நான் அப்படியெல்லாம் நினைக்கவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மண்டபமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சண்டை போட்டேன்.

"தப்பு நடந்துபோச்சும்மா, மன்னிச்சுக்கங்க, இப்பவே எடுத்துடறேன்" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அம்மா சத்தமே போடவில்லை. "விடுடி. நல்ல பூவாத்தான் போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, ஓரமாகக் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பாலத்தில் கொஞ்சம் மலர்ந்திருந்த முகம் சுருங்கிவிட்டது. "போலாமா வீட்டுக்கு?" என்றாள். படாதபாடு பட்டு வெளியே கூட்டி வந்தேன், வந்த இடத்தில் இப்படி. இனி இவள் வாசல்படி தாண்டமாட்டாள் என்று நிச்சயமாகத் தெரிந்தது. ஆட்டோ பிடிக்க போனை எடுத்தேன்.

அப்போது அம்மா வயதுள்ள ஒரு பெண் உள்ளே வந்தார். புடவைத் தலைப்பை முக்காடாகப் போட்டிருந்தார். கூட வந்த மருமகள் கையைப் பிடித்திருந்தாள். எந்தப் படத்தையும் பார்க்காமல் நேராக அம்மாவின் படத்துக்கு முன்னால் போய் நின்றார். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. மாலையை எடுக்க வந்த சங்கத்துக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

"இவங்க எப்பங்க மவுத்தானாங்க? பிள்ளைங்க யாராச்சும் இருக்காங்களா? ஸ்ரீரங்கத்துல வீடு எங்கன்னு சொல்லுங்க, நான் போய்ப் பார்க்கணும்" என்று, அம்மா இறந்துவிட்டதாகவே நினைத்து அவரிடம் கேட்டார்.

பாவம், அந்த மனிதர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏண்டி, எனக்கு இவ்வளவு பெரிய மூக்கு வரைஞ்சவ நீதானே?"

அந்த அம்மாள் திரும்பினார். அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று வந்து அம்மாவின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "அடிப்பாவி, உசுரோடதான் இருக்கியா? காலையிலேர்ந்து பச்சைத்தண்ணி பல்லுல படல எனக்கு" என்று சொல்லி, அம்மாவைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மாவும் அழுதாள். அப்பா போனபோதுகூட அம்மா அப்படி வாய்விட்டு அழுது நான் பார்க்கவில்லை. நடுநடுவே இரண்டு பேரும் சிரிக்கவும் செய்தார்கள்.

விஷயத்தை மருமகள் சொன்னாள். கண்காட்சிப் படங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி அவர்கள் வீட்டுக்கும் வந்திருக்கின்றன. தான் வரைந்த படத்தையும் அதன் மேல் மாலையையும் பார்த்ததும், "மாமி அப்படியே உக்காந்துட்டாங்கக்கா. உடனே ஆட்டோ கூப்பிடுன்னு சொல்லிட்டாங்க" என்றாள். அவர்கள் வீடு பாலக்கரையில். கல்யாணமாகி வெளியூர் போனவர், மகன் துபாய்க்குப் போனதும் திரும்பி வந்து வருஷக்கணக்கில் அங்கேதான் இருக்கிறார். எங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம்.

"செத்துட்டேன்னதும் ஓடியாறியே, இருக்கறப்ப வரணும்னு தோணலையா உனக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"நான் பாலக்கரையில இருக்கறது உனக்குத் தெரியாதா? நீ வந்தியா?"

அம்மாவுக்குத் தெரியும். என்னிடமே ஒன்றிரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். ஒருநாள் போகணும் என்பாள். நானும் போகலாம் போகலாம் என்பேன். அந்த ஒருநாள் வரவே இல்லை. அந்த அம்மாள் படத்திடம் போய், மாலையைத் தன் கையாலேயே எடுத்தார். புடவைத் தலைப்பால் கண்ணாடியில் இருந்த பொட்டை அழுத்தித் துடைத்தார். "மூக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

அன்றைக்கு நாங்கள் வீடு திரும்பச் சாயங்காலம் ஆகிவிட்டது. இப்போது அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் பாலக்கரைக்குப் போகிற நாளில் மட்டும் அது அவ்வளவாகத் தெரிவதில்லை. இரண்டு பேருமாக முக்கொம்பு அணைக்குப் போய்விட்டு, போனையும் எடுக்காமல் என்னைத் தவிக்கவிட்ட கதையும் உண்டு.

சாவு என்று கேள்விப்பட்டால் நாம் லீவு போடுகிறோம், போட்டது போட்டபடி கிளம்புகிறோம். உயிரோடு இருப்பவரைப் பார்க்க மட்டும் ஒரு விசேஷம் வேண்டியிருக்கிறது. போன மாதம் நான் லால்குடியில் இருக்கும் என் பழைய ஹாஸ்டல் தோழியின் வீட்டுக் கதவைத் தட்டினேன். திறந்தவள் பதறிப்போய், "என்னடி, யாருக்கு என்ன?" என்று கேட்டாள். "யாருக்கும் ஒண்ணும் இல்ல. நீ இருக்கியே, அதான் வந்தேன்" என்றேன். ஒருவரைப் பார்க்கப் போக இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை என்பது, அந்த மண்டபத்தில் என் அம்மா உயிரோடு அடி வாங்கிய அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.