குடிக்க மறுத்த டீ

டெல்லிக்கு வந்த நாள் முதல் வெள்ளிக்கிழமை உபவாசத்தை நான் விட்டதில்லை. விட்டால் கர்த்தர் கோபிப்பார் என்ற பயம்தான் காரணம்.

போன குளிர்காலத்தில் என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆபரேஷன் என்றார்கள். அது நல்லபடியாக முடியும்வரை தண்ணீர் தவிர எதையும் தொடுவதில்லை என்று பொருத்தனை செய்துகொண்டேன். என் சர்க்கரை நோய் மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கினேன்.

மறுநாள் வார்டில், அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி டீயை நீட்டி, "பீ லோ தீதி, ஜல்தி" என்று, சீக்கிரம் குடிக்கச் சொல்லி அவசரப்படுத்தினாள். தள்ளிவிட்டேன். ஒரு மடக்கு உள்ளே போனால் என் கணவரின் உயிர் போய்விடும் என்றே நம்பினேன்.

கண் விழித்தபோது தரையில் கிடந்தேன். நர்ஸ் என் வாயில் சர்க்கரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைத் தாங்கப் பாய்ந்ததில் கணவரின் கையில் ஏற்றியிருந்த டிரிப்ஸ் ஊசி பிடுங்கிக்கொண்டு ரத்தம் ஒழுகியது.

என் பொருத்தனையைச் சொன்னேன். மூச்சு வாங்க அவர் கேட்டார்: "ஏட்டி, நீ பட்டினி கெடந்தாத்தான் என்னைய விட்டுவைப்பேன்னு சொல்லுத கர்த்தரையா இத்தனை வருஷமா அப்பான்னு கூப்பிட்டே?"

அந்த டீயை வாங்கி, அழுதுகொண்டே குடித்தேன்.

ஆபரேஷன் முடிந்தும் அவர் இன்னும் தேறவில்லை. டாக்டர்கள் பிடிகொடுத்துப் பேசுவதில்லை. ஆனாலும் மாத்திரை போட்டால் வேளைக்குச் சாப்பிட்டுவிடுகிறேன். முன்பெல்லாம் என் ஜெபம், 'நான் இதைச் செய்கிறேன், நீர் அதைச் செய்யும்' என்றுதான் தொடங்கும். இப்போது கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, 'அப்பா' என்று மட்டும் கூப்பிடுகிறேன்.