கணவாய் தாண்டி வந்த மணப்பெண்

என் அண்ணன் ரியோஸோ இறந்து ஒன்றரை வருடம் கழித்து, அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் காலை, தோமியே அண்ணி என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். காலில் மலையேறும் ஷூ, முதுகில் சின்னப் பை.

"மிசாவோ, கிளம்பு. மாகோமே போறோம்."

"பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே அண்ணி."

"பஸ்ஸுல யாருடி போறா? நடந்து போறோம். பழைய ரோட்டுல."

அண்ணிக்கு அப்போது எழுபத்தொன்று, எனக்கு அறுபத்தேழு. எங்கள் ஊர் சுமாகோ. மேலே கணவாய் வரை ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் மாகோமே, அண்ணி பிறந்த ஊர். ஐந்து மைல்தான். ஒரு காலத்தில் பிரபுக்களின் பல்லக்கு போன நெடுஞ்சாலை அது. இப்போது எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்து ஆசை ஆசையாக நடக்கிறார்கள். அதன் ஓரத்திலேயே பிறந்து வளர்ந்த நானோ, முழுதாக ஒரு தடவைகூட நடந்ததில்லை. நடந்தவள் அண்ணிதான், அதுவும் ஒரே ஒரு தடவை. தன் கல்யாணத்தன்று.

கல்யாணத்துக்கு முன் ஐந்து வருடம் அவள் எங்கள் மலைப் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தாள். நீலச் சட்டை, இடுப்பில் தோல் பை, கழுத்தில் விசில். வளைவுகளில் டிரைவர் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பள்ளத்தின் விளிம்பில் நின்றுகொண்டு "வரலாம், வரலாம்" என்று கத்துவாள். பனியோ மழையோ, அந்தக் குரல் ஒரு நாளும் கம்மியதில்லை. என் அண்ணன் தச்சு வேலைக்காரன், எங்கே போனாலும் சைக்கிளில் போகிறவன். திடீரென்று உளியும் ரம்பமும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக ஆரம்பித்தான். "சைக்கிளுக்கு என்னடா ஆச்சு?" என்று அம்மா கேட்டபோதெல்லாம் டயர் பஞ்சர் என்றான். நான்கு மாதம் பஞ்சராகவே இருந்த டயர் எங்கள் வீட்டில்தான் இருந்தது.

அறுபத்தாறாம் வருடம் அக்டோபரில் நாள் குறித்தார்கள். அதற்கு முந்தின நாள் புயல் அடித்து, கணவாய்க்குக் கீழே பஸ் ரோடு சரிந்துவிட்டது. டெலிபோன் கம்பியும் அறுந்துபோனது. எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பதினோரு மணி பஸ்ஸில் பெண் வருவாள் என்று குடும்பத்தோடு பஸ் ஸ்டாப்பில் நின்றோம். வாடகைக்கு எடுத்த கருப்பு கிமோனோவில் அண்ணன் விறைத்துப்போய் நின்றான். பஸ் வரவில்லை. பன்னிரண்டு ஆயிற்று, ஒரு மணியும் ஆயிற்று.

"மனசு மாறிட்டாளோ என்னவோ" என்றார் எங்கள் சித்தப்பா.

"வாயை மூடுங்க" என்றாள் அம்மா.

அப்போது எங்கள் முதுகுக்குப் பின்னால், யாருமே எதிர்பார்க்காத திசையிலிருந்து விசில் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், புதர் மண்டிக் கிடந்த பழைய ரோட்டிலிருந்து அண்ணி இறங்கி வருகிறாள்! முழங்கால் வரை சேறு, தலையில் துண்டு. முன்னால் அவள் அப்பா, கல்யாணத் துணிப் பெட்டியை முதுகில் கட்டிக்கொண்டு மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார். அண்ணன் அந்தக் கிமோனோவோடு ஓடிப்போய்ச் சேற்றில் வழுக்கி விழுந்தான். ஊரே சிரித்தது. இன்றைக்கும் எங்கள் தெருவில் கல்யாணப் பேச்சு வந்தால் இந்தக் கதை வராமல் இருக்காது.

அந்த ரோட்டில்தான் இப்போது நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம். கல் பாவிய ஏற்றம், இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரங்கள். கரடி வராமல் இருக்க வழிநெடுக மணி கட்டியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் நான் அடித்துக்கொண்டே வந்தேன்.

"போதும்டி. நீ மூச்சு வாங்குற சத்தத்துக்கே கரடி அடுத்த மலைக்கு ஓடிருக்கும்."

"நீங்க ஏன் அண்ணி இந்த ஓட்டம் ஓடுறீங்க? யாரு துரத்துறா?"

"அன்னிக்கு இதைவிட வேகமா வந்தேன். மேல உச்சி வரைக்கும்தான் மெதுவா."

அருவிகளைத் தாண்டி, பாதி வழியில் பழைய தேநீர் வீடு வந்தது. வெளிச்சுவரெல்லாம் புகையேறிய மரம், உள்ளே கணப்பு. காவலுக்கு இருந்த பெரியவர் தேநீரும் ஊறுகாயும் கொடுத்தார். அங்கே உட்கார்ந்து அண்ணி கொண்டுவந்த சோற்று உருண்டைகளைச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் அவள் சொன்னாள்:

"மிசாவோ, அன்னிக்கு நான் திரும்பிப் போயிடலாம்னு இருந்தேன்."

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அண்ணனைப் பிடிக்கலையா?"

"சீ, அவரைப் பிடிக்காம என்ன? வேலையை விட்டுட்டு வர மனசில்லை. கல்யாணமான பொண்ணை அப்போ கண்டக்டரா வச்சுக்க மாட்டாங்க. முந்தின நாள்தான் சட்டையும் பையும் திருப்பிக் கொடுத்தேன். விசிலை மட்டும் தொலைஞ்சுபோச்சுன்னு பொய் சொல்லி வச்சுக்கிட்டேன்."

கணவாய் உச்சியில் செருப்பு வார் அறுந்துவிட்டது என்று அப்பாவை முன்னால் போகச் சொல்லிவிட்டு, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து அழுதாளாம். திரும்பி நடந்தால் அரை மணியில் மாகோமே. முதலாளி காலில் விழுந்தாவது வேலையைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று எழுந்தேவிட்டாளாம். அப்போது சுமாகோ பக்கமிருந்து கரி மூட்டை சுமந்து ஒருவர் ஏறி வந்தார். தினமும் அவள் பஸ்ஸில் வருகிறவர். அவளைப் பார்த்ததும் மூட்டையை இறக்கி வைத்தார்.

"ஏம்மா, பஸ் எப்போ வரும்?" என்று கேட்டாராம்.

"வராதுங்க. ரோடு சரிஞ்சு கிடக்கு. நடந்துதான் போயாகணும், பார்த்துப் போங்க" என்று இவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கமான அதே குரலில் சொல்லியிருக்கிறாள்.

"அவர் போயிட்டாரு. நான் சொன்னது என் காதிலேயே நின்னுபோச்சு. வராத பஸ்ஸுக்காக உட்கார்ந்திருக்கியே தோமியேன்னு என் மேலேயே கோவம் வந்துச்சு. அப்புறம் நிக்கவே இல்லை, கீழ வந்துதான் நின்னேன்."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன், முப்பது வருஷம் கழிச்சு. 'எனக்குத் தெரியும்'னாரு. எப்படின்னு கேட்டா, 'சேத்துல நடந்து வந்தவ கண்ணு எதுக்கு வீங்கியிருக்கணும்?'னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கலை."

நான் பஸ் ஸ்டாப்பில் நின்று கைகொட்டிச் சிரித்தவள். வீங்கிய கண்களை நான் பார்க்கவே இல்லை. அன்றைக்கு ஒருவன் மட்டும் பார்த்திருக்கிறான், அவனும் இப்போது இல்லை.

கணவாயைத் தாண்டி மாகோமே இறக்கத்தில் இறங்கும்போது எனா மலை முழுதாகத் தெரிந்தது. எல்லையை மாற்றி வரைந்து, மாகோமேயை எட்டு வருடம் முன்பு பக்கத்து மாகாணத்தோடு சேர்த்துவிட்டார்கள். "கல்யாணம் பண்ணிப் பக்கத்து ஊருக்கு வந்தேன். இப்ப பாரு, வெளிமாகாணத்துக்காரி ஆயிட்டேன்" என்று அண்ணி வழியில் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

அவள் பிறந்த வீடு காப்பிக் கடையாகியிருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தோம். முன்பு அரிசி கழுவும் தொட்டி இருந்த இடத்தில் கேக் அலமாரி இருந்தது. "இது இருநூறு வருஷப் பழைய சத்திரம்" என்று கடைக்காரப் பெண் பெருமையாகச் சொன்னாள். உண்மையில் அண்ணியின் அப்பா கட்டிய வீடு அது. நான் வாயைத் திறப்பதற்குள் மேஜைக்கடியில் காலை மிதித்தாள் அண்ணி.

"அப்படியா? ரொம்ப அழகா வச்சிருக்கீங்க" என்றாள். நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. ஜன்னல் மட்டும் பழையது. அதன் கட்டையில் விரலை வைத்துத் தடவியபடி காப்பி ஆறும் வரை உட்கார்ந்திருந்தாள்.

சாயந்திரம் பஸ்ஸில் திரும்பினோம். முதல் இரண்டு வளைவுகளை எட்டிப் பார்த்தவள், மூன்றாவது வருவதற்குள் என் தோளில் சாய்ந்து குறட்டை விட ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த வருடமே அவளுக்கு முழங்கால் விட்டுப்போய், மகள் வந்து நகோயாவுக்கு அழைத்துக்கொண்டு போனாள். அங்கே ஒன்பதாவது மாடியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். கூரைக்கடியில் சீமைப் பனிச்சைப் பழங்களைக் காயத் தொங்கவிட்டாயா, மேலே பனி விழுந்ததா என்று கேட்பாள். விழுந்தது என்று சொன்னால், எவ்வளவு என்று கேட்பாள். நான் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன்.