ஏரிக்கரை வீதியில் இறங்கி நின்றோம்

வான் வண்டியில் இருந்தவர்கள் நான்கு பேர். ஓட்டியவர் ஜெறோம் அண்ணை. அவருக்குப் பக்கத்தில் மனைவி றீற்றாக்கா. பின் இருக்கையில் செல்வம் அண்ணையும் நானும். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர் மதன், றீற்றாக்காவின் தம்பி. ஒஷாவாவில் வேலை செய்கிறவரை அன்று விடியவே ஓவர்ரைம் என்று கூப்பிட்டுவிட்டார்கள். வராதவரைப் பற்றி முதலிலேயே எழுதக் காரணம் இருக்கிறது. எங்களுக்குள் வெள்ளைக்காரரோடு இங்கிலிஷில் வாதாடிப் பழகியவர் அவர் ஒருவர்தான். அவர் இல்லாததால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். இங்கே கனடாவில் கல்லூரியில் இரண்டாம் வருடம். "தம்பி படிக்கிற பிள்ளைதானே, அவன் பாப்பான்" என்றா றீற்றாக்கா. பார்க்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன்.

1997 மே மாதத்து நீண்ட வார இறுதி, சனிக்கிழமை. காலை ஆறு மணிக்கு ஸ்காபரோவின் மோர்னிங்சைட்டில் இருந்து புறப்பட்டோம். ஜெறோம் அண்ணையின் மூத்த மகளுக்கு அடுத்த ஞாயிறு முதல் நன்மை, தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். நூற்றிருபது பேருக்குக் கட்லட்டும் மீன்குழம்பும் செய்ய நாற்பது இறாத்தல் மீன் வேண்டும். கடையில் எத்தனை நாள் ஐசில் கிடந்தது என்று தெரியாத மீனைத் தன் பிள்ளையின் நன்மைக்கு வைக்க மாட்டேன் என்று மன்னார்க்காரரான ஜெறோம் அண்ணை ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். அன்று பிடித்ததை அன்றே வெட்டி உறைய வைப்பது றீற்றாக்காவின் வேலை. ஜோர்ஜியன் குடாப் பக்கம் பூர்வகுடி மக்களின் குடியிருப்பு ஒன்றில் றே என்ற மீனவர் அன்றன்று பிடித்ததை இறாத்தல் இரண்டு டொலருக்குக் கொடுக்கிறார் என்று மதன் விசாரித்து வைத்திருந்தார். ஸ்காபரோவில் இருந்து 230 கிலோமீற்றர். குடியிருப்பின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அங்குள்ளவர்கள் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள்.

செல்வம் அண்ணை மீன் தூக்க வந்தவர். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கார்த்திகை மாதம் அவருடைய அகதி விசாரணை. அதுவரை ஒரு வில்லங்கத்திலும் மாட்டாதே என்று வழக்கறிஞர் சொன்னதை அவர் வேதவாக்காக எடுத்திருந்தார். வீதியில் ஒரு வாகனமும் இல்லாவிட்டாலும் நடக்கும் விளக்கு எரியும்வரை பனியில் நின்று கடப்பார். மூன்று வருடமாக நானும் அவரும் ஒரே நிலவறை வீட்டில் இருக்கிறோம். தன் தம்பியைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. தம்பியின் படம் மட்டும் பேர்சில் இருந்தது.

400ஆம் நெடுஞ்சாலை அன்று ஒரு ஊர்வலம். ரொறன்ரோவில் வசதி உள்ளவர்கள் எல்லாம் படகையும் நாயையும் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை வீடுகளைத் திறக்கப் போகிற நாள் அது. பரி நகருக்கு அப்பால் ஒரு சிறு பட்டணத்தில் காஸ், அதாவது பெற்றோல், அடிக்க நிறுத்தினோம். கடைக்காரர் எழுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர், நல்ல மனுசன். ஜெறோம் அண்ணையின் முகத்தைப் பார்த்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னதும் தலையை ஆட்டினார்.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. ஏரிக்கரையில் ஒரு நீளத் துண்டு நிலம். அறுபது எழுபது வருடமாக அதில் விடுமுறை வீடுகள் நிற்கின்றன. அந்தத் துண்டை அரசோடு செய்த பழைய ஒப்பந்தத்தில் நாங்கள் ஒருபோதும் எழுதிக் கொடுக்கவில்லை, எங்கள் புதைகுழிகளும் அதற்குள் கிடக்கின்றன என்று பூர்வகுடிகள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். பனி உருகியதும் வந்து வாசலில் கூடாரம் அடித்துவிட்டார்கள். "ஒரு கிழமை றோட்டை மறிச்சவங்கள், பொலிஸ் பாத்துக்கொண்டு நிண்டது. என்ரை ட்றக்கை நான் றோட்டுக்குக் குறுக்கை விட்டிருந்தால் விலங்கு போட்டிருப்பாங்கள். ஒரு நாட்டிலை ரெண்டு சட்டம்" என்றார். இங்கிலிஷில் சொன்னதை நான் எங்கள் தமிழில் சொல்கிறேன்.

பெரிய வீதியை விட்டு ஏரிக்கரை வீதிக்குத் திரும்பி நான்கு கிலோமீற்றரில் வாகனங்கள் ஊர்ந்தன. எட்டிப் பார்த்தால் இரண்டு பொலிஸ் கார்கள், ஆரஞ்சுக் கூம்புகள், வீதியின் நடுவே ஓர் இளம் பொலிஸ்காரர்.

எங்களுக்கு முன்னால் இரண்டு வாகனங்கள். முதலாவது மரநிறப் பக்கம் வைத்த ஒரு குடும்பக் கார். முன் இருக்கையில் ஐந்தாறு வயதுப் பிள்ளை எழும்பி நின்று, யன்னலுக்கு வெளியே இடுப்புவரை நீட்டிக்கொண்டு எல்லாருக்கும் கை காட்டியது. றீற்றாக்காவும் கை காட்டினா. பொலிஸ்காரர் சிரித்துக்கொண்டே போகச் சொல்லிக் கை அசைத்தார். கார் நிற்கக்கூட இல்லை. இரண்டாவது ஒரு பழைய நீல ட்றக். அதை ஓட்டிய பூர்வகுடிப் பெண்ணை இறக்கினார்கள். பின்பெட்டியைக் கிளறினார்கள். விளக்கு ஒவ்வொன்றையும் போட்டுக் காட்டச் சொன்னார்கள். பத்து நிமிடம் போயிருக்கும்.

அந்தப் பத்து நிமிடத்தில்தான் நாங்கள் அதைச் செய்தோம். யாரும் சொல்லவில்லை. செல்வம் அண்ணையின் சீற் பெல்ற் முதலில் 'டக்' என்றது. பிறகு என்னுடையது. முன்னால் றீற்றாக்கா தன்னுடையதையும் கழற்றி, கைப்பையைத் திறந்து, "இஞ்சேருங்கோ, ஐசியை எடுத்துக் கையிலை வையுங்கோ" என்றா. ஐசி என்றால் ஊரில் எப்போதும் கையில் இருக்க வேண்டிய அடையாள அட்டை. கனடாவில் அப்படி ஒன்று கிடையாது. ஆனாலும் ஜெறோம் அண்ணை பெல்ற்றைக் கழற்றி, பின் பொக்கற்றுக்குள் கையை விட்டு லைசென்சை எடுத்தார். வான் ஊர்ந்து கூம்புக்குப் பக்கத்தில் வந்து நின்றதும் கதவுகள் மூன்றும் ஒன்றாகத் திறந்தன. நால்வரும் இறங்கி, வீதி ஓரத்தில் ஒருவர் பின் ஒருவராக, கையில் கடதாசிகளைப் பிடித்தபடி நின்றோம். தலையைக்கூடச் சற்றுக் குனிந்திருந்தோம் என்று நினைக்கிறேன்.

பொலிஸ்காரரின் கை இடுப்புக்குப் போனது. பாவம், அவருக்கு என் வயதுதான் இருக்கும், முகம் வெளுத்துப்போனது. வானுக்குள் ஏறு, ஏறு என்று கத்தினார். ஏறினோம். அவருக்கு மூச்சு ஒழுங்காக வந்ததும், வாகனம் நகரும்போது நால்வருமே பெல்ற் போடவில்லை, தான் கண்டதாகச் சொன்னார். முன்னால் போன காரில் பிள்ளை எழும்பி நின்றதே என்று மரியாதையாகக் கேட்டேன். உன்னுடைய வாகனத்தைப் பற்றித்தான் இப்போது பேச்சு என்றார். ரிக்கற், அதாவது தண்டச்சீட்டு, நான்கு. ஒவ்வொன்றும் 78 டொலர் 75 சதம்.

செல்வம் அண்ணை தன்னுடையதை நான்காக மடித்து, தம்பியின் படத்துக்குப் பின்னால் வைத்தார்.

றேயின் மீன் கொட்டில் அங்கிருந்து மூன்று கிலோமீற்றர். ஐம்பது வயது, அகன்ற தோள், ஒரு கண் சற்றுச் சுருங்கியது. நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கத் தொடங்கி, நாங்கள் வரிசையில் நின்ற இடம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அதற்குள் நீல ட்றக்கில் வந்த பெண்ணும் உள்ளே வந்தா. றேயின் தங்கை டொறீன். பின்விளக்கின் கண்ணாடியில் ஒரு கீறல் என்று அவவுக்கும் ரிக்கற்.

றீற்றாக்கா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அமத்திப் பார்த்து, "றே அண்ணை, இது முந்தநாளையான்" என்று இரண்டை ஒதுக்கினா. சொன்னது விளங்காமலே றே தலையாட்டி வேறு இரண்டை எடுத்து வைத்தார். ஜெறோம் அண்ணைக்கு அந்த மனுசனை அப்போதே பிடித்துவிட்டது.

பேச்சு பிறகு வேறு பக்கம் திரும்பியது. சோதனை தங்களுக்கு மட்டும்தான், விடுமுறை வீட்டுக்காரருக்கு இல்லை என்று குடியிருப்பு மக்கள் முறைப்பாடு கொடுக்க இருக்கிறார்கள். ஒரு நாட்டில் இரண்டு சட்டம் என்று றேயும் சொன்னார், காஸ் கடைக்காரர் சொன்ன அதே சொல்லில். ஆனால் தாங்கள் சொன்னால் தங்களுக்காகச் சொல்கிறார்கள் என்பார்கள். வெளியாட்கள் யாரும் வாய் திறப்பதில்லை. நீங்கள் காசைக் கட்டாமல் வழக்குக்கு வந்தால், அன்று கண்டதைச் சத்தியம் செய்து சொன்னால், அது நீதிமன்றப் பதிவில் ஏறும். அவ்வளவுதான் கேட்டார். வா என்று நெருக்கவில்லை. மீனை ஐஸ் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார்.

திரும்பும் வழியில் ஜெறோம் அண்ணை தன் முடிவைச் சொன்னார். "போறதெண்டால் நாலு பேரும் போறது. இல்லாட்டி நாலு பேரும் கட்டுறது. உடைஞ்சு போறேல்லை." நான் போகலாம் என்றேன். றீற்றாக்காவும் ஓம் என்றா. செல்வம் அண்ணை யன்னல் பக்கம் பார்த்தபடி, "என்ரை கேஸ் முடியட்டும், பிறகு எதிலையும் வாறன். இதை விட்டிடுங்கோ" என்றார். அவரைக் குறை சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை அவருடைய வழக்கறிஞரின் அலுவலகத்தில் கேட்டேன். இது குற்ற வழக்கு இல்லை, விசாரணைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார்கள். வந்து சொன்னேன். "அங்கையும் உப்பிடித்தான் சொன்னவங்கள், ஒண்டுமில்லை எண்டு" என்று சோற்றை வடித்தார்.

முதல் நன்மை நன்றாக நடந்தது. மீனைப் பற்றி எல்லாரும் கேட்டார்கள். மதனும் வந்திருந்தார், ஒரு தட்டு நிறையக் கட்லட்டோடு. "பெல்ற்றை ஆரடா கழட்டச் சொன்னது? கையை உயத்திக்கொண்டு நிக்காதது ஒண்டுதான் குறை" என்று மண்டபம் முழுக்கச் சிரிக்க வைத்தார். செல்வம் அண்ணை சிரிக்கவில்லை. பாத்திரம் கழுவும் இடத்தில் என்னிடம் வந்தார்.

"அண்டைக்குத் தம்பிக்குக் காய்ச்சல். ஆமிக்காரர் மறிச்ச இடத்திலை பஸ்ஸாலை இறங்கப் பிந்திப்போனான். பிந்தினவனை மறிச்சு வைச்சிட்டாங்கள். பஸ்ஸுக்குள்ளை நாப்பது பேர் இருந்தவை. கண்டதைச் சொல்ல வாருங்கோ எண்டு வீடு வீடாப் போனன். ஒருத்தரும் வரேல்லை." கையைத் துடைத்தார். "உந்த றேயாக்கள் கேட்டதும் அதைத்தானே. வாறன் எண்டு ஜெறோமிட்டைச் சொல்லு."

புரட்டாதியில் ஒரு செவ்வாய்க்கிழமை, மறுபடியும் அதே 400ஆம் நெடுஞ்சாலை. மேப்பிள் மரங்கள் நுனியில் சிவக்கத் தொடங்கியிருந்தன. சோதனைச் சாவடி இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. பருவம் முடிந்து விடுமுறை வீடுகளுக்குப் பலகை அடித்துவிட்டார்கள், பொலிசும் போய்விட்டது. கூடாரங்கள் மட்டும் நின்றன. மோர்னிங்சைட்டில் ஏறும்போதே ஜெறோம் அண்ணை, நான் சொல்லும்வரை ஒருவரும் பெல்ற்றில் கை வைக்கக்கூடாது என்று கட்டளை போட்டிருந்தார். நீதிமன்ற வாகனத் தரிப்பிடத்தில் எஞ்சினை நிறுத்தி, திறப்பைப் பொக்கற்றில் போட்டபிறகுதான், "இனிக் கழட்டலாம்" என்றார்.

நீதிமன்றம் நூலகத்துக்கு மேல் மாடியில் ஓர் அறை. பின் வாங்கில் றேயும் டொறீனும். நீதவான் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. பொலிஸ்காரர் குறிப்பைப் பார்த்துச் சரியாகச் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பெல்ற் போட்டிருந்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். சத்தியம் செய்துவிட்டு வேறு என்ன சொல்வது? அத்தோடு நிறுத்தாமல், முன்னால் போன காரையும், நின்ற பிள்ளையையும், இறக்கப்பட்ட பெண்ணையும், எந்த வாகனத்தை எவ்வளவு நேரம் மறித்தார்கள் என்பதையும் சொன்னேன். அரச தரப்பு எழும்பி, இது வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்றது. நீதவான் என்னை முடிக்க விட்டார். பொலிஸ்காரரைப் பார்த்து, அந்தக் காரை நினைவிருக்கிறதா என்று கேட்டார். பொலிஸ்காரர் சற்று நேரம் குறிப்பைப் புரட்டினார். எழுதவில்லை, நினைவில்லை என்றார்.

பெல்ற்றை ஏன் கழற்றினீர்கள் என்று நீதவான் கேட்டபோது நான் பதில் சொல்ல வாய் எடுத்தேன். செல்வம் அண்ணை எழும்பிவிட்டார். மொழிபெயர்ப்பாளர் இல்லை. தனக்குத் தெரிந்த இங்கிலிஷில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தார். எங்கள் நாட்டில் பஸ் நிற்கும், எல்லாரும் இறங்க வேண்டும், பிந்தினவனை வைத்துக்கொள்வார்கள், என் தம்பி பிந்தினவன். பேர்சைத் திறந்து படத்தை உயர்த்திக் காட்டினார். அதன் பின்னால் மடித்திருந்த ரிக்கற் தரையில் விழுந்தது. பொலிஸ்காரர்தான் குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

தீர்ப்பு: நால்வரும் குற்றவாளிகள். நீங்களே ஒப்புக்கொண்டீர்கள், சட்டத்தில் எனக்கு வேறு வழி இல்லை, ஆனால் நீங்கள் சொன்னது எல்லாம் பதிவில் இருக்கிறது, கேட்பவர்கள் பிரதி எடுக்கலாம் என்றார் நீதவான். அவர் வாய் மூடமுதல் டொறீன் பிரதி கேட்டு எழுதுவினைஞரின் மேசைக்கு முன்னால் நின்றா.

வெளியே படியில் றே ஜெறோம் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தோக்கிறதெண்டால் இப்பிடித்தான் தோக்க வேணும்" என்றார். அவர்களின் முறைப்பாடு இதை எழுதும்வரை முடியவில்லை. நிலம் யாருடையது என்ற வழக்கு இன்னும் எத்தனை வருடம் போகுமோ தெரியாது. காஸ் கடைக்காரரும் றேயும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். இருவருடைய வருடங்களையும் எடைபோட எனக்குத் தகுதியில்லை. ஆனால் அந்த வீதியில், அந்தக் காலையில், கை அசைவு யாருக்கு, இறங்கு என்ற சொல் யாருக்கு என்பதை நாங்கள் நால்வரும் கண்டோம். கண்டதைப் போய்ச் சொல்லிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்தோம். எங்கள் நாட்டுக்கும் இந்த நாட்டுக்கும் நான் கண்ட வித்தியாசம் இவ்வளவுதான். இது சிறிய வித்தியாசம் இல்லை.

கார்த்திகையில் செல்வம் அண்ணையின் விசாரணை நடந்தது. ரிக்கற்றைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. தம்பியைப் பற்றிக் கேட்டார்கள். இந்த முறை தமிழில், இடையில் நிற்காமல் சொன்னார். ஏற்றுக்கொண்டார்கள்.

அன்று இரவு பாற்சோறு கொண்டுவந்த றீற்றாக்கா, மதன் கேட்கட்டும் என்று சத்தமாக அந்த வழக்குக்கு ஆன கணக்கைச் சொன்னா. தண்டம் 315 டொலர், காஸுக்கு 38, வேலைக்குப் போகாத நான்கு பேரின் ஒரு நாள் சம்பளம் 262. மொத்தம் 615 டொலர்.