சந்தனம் பூசிய சென்சார்

கலைமணிக்கு ரோபோ சங்கதி எல்லாம் தலைகீழ்ப் பாடம். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்குச் சட்டம் வெல்டிங் செய்யும் பட்டறையில், புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவர்தான் வகுப்பெடுப்பார். "சக்கரத்துல சாமான் தூக்கிட்டுத் திரியறது ஒரு வகைங்க. நம்முளுது கை ரோபோ. ஆறு மூட்டு, நுனியில வெல்டிங் டார்ச். கை எட்டற தூரந்தான் அதோட எல்லை. அதுக்குள்ள ஆள் கால் வெச்சா சென்சார் பாத்துக்கும், கை நின்னுரும்." கடைசி வரி வரும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும்.

காரணம், போன வருட ஆயுத பூஜை. பக்தி முற்றிப்போய் சென்சார் கண்ணாடி மேலேயே சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தது சாட்சாத் கலைமணிதான். சென்சாரின் கண் மறைந்தால் ரோபோ அசையாது. நல்ல நேரம் முடிய ஐந்து நிமிடம், முதலாளி குடும்பத்தோடு நிற்கிறார். வைத்த சந்தனத்தைத் துடைப்பதா? கட்டுப்பாட்டுப் பெட்டியின் சாவியைத் திருப்பிச் சென்சாரையே அணைத்துவிட்டார் மனிதர். கை ஜம்மென்று சுழன்றது, எல்லோரும் கைதட்டினார்கள். சாவியைத் திருப்பி வைக்க மறந்துபோனார்.

விடுமுறை முடிந்த காலையில், பட்டறை கூட்டும் ராஜம்மாள், ரோபோவின் கை நின்றிருப்பதைப் பார்த்துத்தான் அதன் எல்லைக்குள்ளே போனார். அது அணைந்திருக்கவில்லை, அடுத்த இரும்புக்காகக் காத்திருந்தது. இரும்பு வந்ததும் சட்டென்று சுழன்று அவர் வலது முழங்கையை முறித்துப்போட்டது. ஓடிப்போய்த் தூக்கியவர் கலைமணி. ஆம்புலன்ஸ் போனதும் சந்தனத்தைத் துடைத்துச் சாவியைத் திருப்பியவரும் அவரே. மேனேஜர் கேட்டபோது, "சென்சார் சரியாத்தானுங்க இருக்குது" என்றார். அது போதாதா? ஆள் வந்தால் நிற்கிற எந்திரம் எப்படி அடிக்கும்? அம்மாளுக்குத் தலைசுற்றல், தானே போய் மோதியிருக்கிறார் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

அதற்கப்புறம் கலைமணிக்குச் சோறு இறங்கவில்லை. வாயைத் திறந்தால் வேலை போகும். திறக்காமல் இருந்ததில் பத்து மாதம் மனசு கிடந்து அறுத்தது.

கை கோணலாகக் கூடிய ராஜம்மாளை டீ கொடுக்கும் வேலைக்கு மாற்றியிருந்தார்கள். போன திங்கட்கிழமை வகுப்பு நடக்கும்போது டம்ளர்களோடு வந்தவர், புதுப் பெண்களைப் பார்த்துச் சிரித்தார்.

"எந்திரத்து மேல தப்பில்லை கண்ணு. எனக்குத்தான் புத்தி தடுமாறிப் போச்சு. அது நின்னுட்டிருந்தாப்பல இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. தலை சுத்தற ஆளுன்னு எம் பையன் ஊட்டுல அடுப்புப் பத்தவெக்கக்கூட உடமாட்டேங்கறான்."

கையை முறித்தது போதாதென்று, அவர் தன் கண்ணையே நம்பாதபடியும் செய்திருக்கிறோம் என்று கலைமணிக்கு அப்போதுதான் உறைத்தது. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"அக்கா, அன்னைக்குச் சென்சாரை நாந்தான் அணைச்சு வெச்சிருந்தனுங்க. கை நின்னுட்டுத்தான் இருந்துச்சு. நீங்க பாத்தது நெசமுங்க."

திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டார். ராஜம்மாள் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு, இடக்கையால் மடியிலிருந்து போனை எடுத்தார்.

"இன்னொருக்காச் சொல்லு சாமி," என்றார். "எம் பையனுக்குப் போட்டுத் தாரேன், அவன்கிட்டச் சொல்லு."