செவலை மாடும் லட்சுமணசாமியும்

சூரியனுக்கே இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்து, பொழுதடைஞ்சதும் அது அணைஞ்சுபோகிற நஷ்டத்துக்குத் தினமும் பணமும் வாங்கித் தரக்கூடிய ஏஜெண்டு உலகத்தில் ஒருத்தர்தான். சோமனூர் லட்சுமணசாமி. எங்கள் செவலை மாட்டுக்கு மட்டும் முதலில் அவரால் ஒரு சல்லிக்காசு வாங்கித் தர முடியவில்லை.

வேலை பார்த்த மில்லை மூடினதும் இந்தத் தொழிலுக்கு வந்தவர். ஒரு பழைய மொபெட், வார் அறுந்த ரெக்சின் பை. யார் ஊட்டுக்குப் போனாலும் முதலில் பையைத் திறக்க மாட்டார். கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, "ஏனுங்க, நீங்க எந்தக் கூட்டம்?" என்பார். குலக் கூட்டத்தின் பேரைச் சொன்னதும் சொந்த முறை வைத்துவிடுவார். அப்புறம் சொந்தக்காரரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? எங்கம்மா நாச்சியம்மாள் அவருக்குத் தங்கச்சி ஆச்சு. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட நான் மாப்பிள்ளை ஆனேன். இன்சூரன்ஸ் எடுத்ததற்கு அடையாளமாக மாட்டின் காதில் நம்பர் போட்ட வில்லை ஏறியது.

தை மாசம் மாடு வயிறு ஊதிச் செத்துப்போச்சு. லட்சுமணசாமி வந்து காதைத் தூக்கிப் பார்த்தார். காது கிழிந்திருந்தது. வில்லையைக் காணோம்.

"வில்லை இல்லாட்டி கம்பெனில ஒத்துக்க மாட்டாங்க அம்மணி."

சொசைட்டிக்கு ஊற்றின அந்தப் பால்தான் எங்களுக்குச் சோறு. கொட்டாய், எருக்குழி எல்லாம் கிளறிப் பார்த்தோம். அம்மா வெறும் முளைக்குச்சியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சபதம் போட்டேன். இனி அந்தாளை மாமா என்று கூப்பிட்டால் என் நாக்கு அழுகட்டும்.

முதல் வேலையாக அவர் பைக்குள் கட்டெறும்பு விட்டேன். ஒரு தறிக்காரர் ஊட்டில் பையைத் திறந்தவர், வேட்டியை உதறிக்கொண்டு வாசல்வரைக்கும் ஆடினாராம். எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

டெலிபோன் பூத்துக்குப் போய், வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு அவரைக் கூப்பிட்டேன். "மில்லு மொதலாளி பேசறனுங்க. புதுசா தோட்டம் வாங்கியிருக்கறேன். இட்டேரியிலயே கடைசிவரைக்கும் வாங்க, பங்களா தெரியும். அத்தனைக்கும் பாலிசி போட்டறலாம்."

ரெண்டு பக்கமும் முள்வேலி, நடுவில் வண்டித்தடம்; எங்கள் மாடு மேயப்போன இட்டேரி அது. கடைசியில் பாழுங்கிணறு ஒன்றுதான் உண்டு.

உச்சி வெயிலில் வந்தார். இட்டேரி முகப்பில் மொபெட்டை நிறுத்திவிட்டு, ரெண்டு பக்க வேலியையும் பார்த்துக்கொண்டே நடந்து போனார். அவர் அந்தப் பக்கம் போனதும் ரெண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டு, வேலிக்குப் பின்னால் பதுங்கினேன். நடக்கட்டும். எங்கம்மா அழுத அழுகைக்கு இது பத்தாது.

திரும்பி வந்தபோது சட்டை முள்ளில் கிழிந்திருந்தது. கையெல்லாம் கீறல். டயரைப் பார்த்தார். கோபமே இல்லை.

"மாப்ளே, உக்காந்தது போதும், எந்திரிச்சு வா."

வந்தேன். உள்ளங்கையை விரித்தார். நம்பர் போட்ட வில்லை.

"கிளுவை முள்ளுல தொங்கிட்டு இருந்துச்சு. மாடு காதைச் சொறிஞ்சிருக்கும். அம்மாகிட்டச் சொல்லு, கம்பெனில நான் பேசிக்கறேன்."

எனக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. வேறொன்றுமில்லை. "ஏதோ மில்லு மொதலாளியப் பாக்க வந்தீங்களாட்ட இருக்குதுங்க?" என்றேன்.

"மொதலாளி ஆருன்னு போன்லயே தெரிஞ்சுபோச்சு. மாடு மேஞ்ச எடத்தையும் ஒருக்கா பாத்துப்போடலாம்னுதான் வந்தேன்."

"எப்படிங்க தெரிஞ்சுது?"

"எந்த மில்லு மொதலாளி 'வெச்சறட்டுங்களா மாமா'ன்னு கேட்டுப்போட்டுப் போனை வெப்பான்? தள்ளு வண்டிய. காத்தடிக்கற கடை கருமத்தம்பட்டிலதான் இருக்குது. கட்டெறும்புக்கும் சேத்தி, பையையும் நீயே தூக்கிக்க."