கண்வலிக்கிழங்கும் அரை மாத்திரையும்

கடத்தூர்ப் பக்கம் எல்லோரும் தக்காளி போட்டுக்கொண்டிருக்க, தன் புருஷன் நஞ்சப்பன் மட்டும் கண்வலிக்கிழங்கு போடப்போகிறேன் என்றதும் தீர்த்தம்மாள் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. சோறு போட்டாள், வாய் திறக்கவில்லை. அவள் பிறந்தது சித்தேரி மலையில். அந்தக் கிழங்கைத் தின்றுதான் அவளுடைய அக்கா குள்ளம்மாள் பத்து வயதில் செத்துப்போனாள். காட்டில் தோண்டியெடுத்ததை வள்ளிக்கிழங்கு என்று நினைத்துவிட்டாள், பாவம்.

"கெழங்க யாரு திங்கப்போறா? வெதையத்தான் மருந்துக் கம்பெனிக்காரன் வாங்கறான்," என்றார் நஞ்சப்பன். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

கடைசியில் தோட்டத்தைத் தாங்கியது என்னவோ தீர்த்தம்மாள்தான். பூக்கும் காலத்தில் விடிந்ததும் போய், ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவில் கையால் தொட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காய் சரியாகப் பிடிக்காது. அந்த வேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனாலும் செடியின்மேல் கோபம் தீரவில்லை. அது செங்காந்தளாக அவ்வளவு அழகாகப் பூத்து நிற்பதைப் பார்த்தால் இன்னும் எரிச்சலாக வந்தது.

போன ஐப்பசியில் நஞ்சப்பனுக்குக் கால் கட்டைவிரல் சிவந்து வீங்கியது. வேட்டி பட்டாலே அலறினார். யூரிக் ஆசிட் கூடியதால் வந்த வாதம் என்று கடத்தூர் டாக்டர் ஐஸ்வர்யா மாத்திரை எழுதினார்.

"உங்க தோட்டத்து விதையில இருக்கிற சத்துதாம்மா இது."

தீர்த்தம்மாள் மருந்துச் சீட்டை மேசைமேலேயே திருப்பி வைத்தாள். டாக்டர் அவளை உட்காரவைத்துச் சொன்னார். "மேல்நாட்டுல இதே விஷம் இருக்கிற வேறொரு கிழங்கை ஆயிரம் வருஷத்துக்கு மேல இந்த வலிக்குக் குடுத்திருக்காங்க. வலி போனவங்களும் உண்டு, உயிர் போனவங்களும் உண்டு. இருநூறு வருஷத்துக்கு முன்னாலதான் சத்தைத் தனியாப் பிரிச்சாங்க. அப்புறம்தான் சரியா அளந்து குடுக்க முடிஞ்சுது. கூடிப்போனா இன்னிக்கும் ஆபத்துதான்."

காலையில் அரை, இரவில் அரை. மூன்றாம் நாள் நஞ்சப்பன் எழுந்து நடந்தார்.

மாசியில் வலி திரும்பியது. மாத்திரை தீர்ந்திருந்தது. வாசலில் தார்ப்பாய் நிறைய விதை காய்ந்துகொண்டிருந்தது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பிய தீர்த்தம்மாள், புருஷன் தார்ப்பாய் ஓரம்வரை நகர்ந்துபோய், உள்ளங்கை விதையை வாய்க்குக் கொண்டுபோவதைப் பார்த்தாள்.

ஓடிவந்து அந்தக் கையில் ஓங்கி ஓர் அடி. விதை சிதறியது. தாடையைப் பிடித்துத் திறந்து உள்ளே எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

"கம்பெனிக்காரன் இதத்தான அரைக்கறான்? நம்ம வூட்லயே மூட்ட மூட்டயா கெடக்குது," என்று முனகினார் அவர்.

அவள் தார்ப்பாயைச் சுருட்டி உள்ளே வைத்துப் பூட்டினாள். சாவியோடு பஸ் ஏறி, டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிவந்தாள். அரையை உடைத்துத் தானே அவர் வாயில் போட்டாள்.

மறுநாள் வலி தணிந்ததும் அவருக்கு ரோஷம் வந்தது. "முப்பது வருசத்துல எம்மேல கை வெச்சதில்லயே நீ. என்னா அடி அது?"

தீர்த்தம்மாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"அன்னிக்கி எங்கக்கா சுட்ட கெழங்குல எனக்கும் ஒரு துண்டு குடுத்தா. கசந்துச்சு, துப்பிட்டேன். அவளுக்குப் பசி. முழுங்கிட்டா. நான் பாத்துக்கிட்டே நின்னேன். அவ கையத் தட்டிவுட எனக்குத் தெரியலிங்க. ஆறு வயசு."

நஞ்சப்பன், முந்தைய நாள் அவளிடம் அடி வாங்கிய தன் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.