இருப்பவர் பெட்டி, போனவர் பெட்டி

மதுரைக்கு வந்து இறங்கிய புதிதில் என்னைத் திடுக்கிட வைத்தது இந்த ஊர் வெயிலோ தண்ணீரோ அல்ல, ஒரு கேள்வி. எந்த வீட்டில் கிராமபோன் பாடினாலும், கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் பக்கத்து ஆளிடம் குனிந்து, "ஆளு இருக்காகளா, போயிட்டாகளா?" என்று விசாரிப்பார். என்ன ராகம், எந்த நாடகத்துப் பாட்டு என்பதெல்லாம் அப்புறம். பாடுகிறவர் உயிரோடு இருக்கிறாரா என்பது முதலில் தெரிந்தாக வேண்டும். ரங்கூனில் நாம் இப்படியா கேட்டோம்? கீழே தெருவில் மீன் குழம்பு மணக்க மொஹிங்கா விற்கிறவள் கூவிக்கொண்டு போவாள். மேலே நாலு மாடியிலும் நாலு கிராமபோன்கள் ஒன்றையொன்று ஏசிக்கொண்டு பாடும். பாடினவர் இருந்தால் என்ன, போனால் என்ன, தட்டு சுற்றினால் நமக்குப் போதும். இதைப் படிக்கிற ரங்கூன்காரர்களே, உங்களில் பலர் இப்போது காரைக்குடியிலும் பரமக்குடியிலும் தஞ்சாவூர்ப் பக்கத்திலுமாகச் சிதறிக் கிடக்கிறீர்கள். உங்கள் தெருக்களிலும் இந்தக் கேள்வி உண்டா என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே எல்லோரும் என்னைப் பார்த்து, "சொந்த ஊருக்கு வந்துட்டீக, இனி என்ன கவலை" என்கிறார்கள். என் அப்பா மேலூர்ப் பக்கத்து ஆள் என்பது நிஜம். ஆனால் அவர் கப்பலேறிப் பல வருஷம் கழித்து ரங்கூனில் பிறந்தவன் நான். எனக்கு இதுதான் பரதேசம். வந்த மூன்றாம் நாள் தபாலாபீசுக்குப் போய், ரங்கூனுக்குக் கடிதம் போக ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டேன். ஜன்னலுக்குள் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதான் தப்பிச்சு வந்தாச்சுல்ல, இன்னும் அங்க யாருக்குக் கடுதாசி? அங்க இப்ப ஜப்பான்காரன்ல இருக்கான்?" என்றார். நான் ஜப்பான்காரனுக்கே எழுதப் போகிறேன் என்று நினைத்தார்களோ என்னவோ, பின்னால் நின்றவர்கள் ஓரடி விலகிக்கொண்டார்கள். என் அண்ணன் அங்கே இருக்கிறார் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே திரும்பிவிட்டேன்.

அண்ணன் நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தவர். ரங்கூனில் குண்டு விழத் தொடங்கியதும் எங்களுக்குக் கப்பலில் இரண்டே இடம் கிடைத்தது. மதினியையும் என்னையும் ஏற்றிவிட்டு, "அடுத்த கப்பல்ல வாரேன்" என்று துறைமுகத்தில் நின்று கையை ஆட்டினார். அடுத்த கப்பல் என்று ஒன்று வரவேயில்லை. கடைசியாக, தப்பி வந்த ஒருவர் கையில் நாலு வரி கொடுத்தனுப்பியிருந்தார். பாடகி குஞ்சரவல்லி அம்மாளும் கம்பெனி ஆட்களும் மலை வழியாக நடந்தே இந்தியாவுக்கு வருகிறார்கள், நானும் அவர்களோடு வருகிறேன், ஆர்மோனியத்தைத் தூக்கத்தான் ஆளில்லை என்று எழுதியிருந்தார். அதற்கப்புறம் ஒரு மழைக்காலம் முழுக்கப் போய்விட்டது. மதினி அந்தக் காகிதத்தை மடித்த இடமெல்லாம் கிழியும்வரை படித்தார்.

மதினி மேலூருக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் பிறந்தவர். பெற்றவர்கள் இப்போது இல்லை. கல்யாணமாகித்தான் ரங்கூனைப் பார்த்தார். ஆனபடியால் இந்த ஊர்ப் பழக்கங்கள் எனக்குத்தான் புதிது, அவருக்கு எல்லாம் அத்துபடி. புறப்படும்போது நகை நட்டை எல்லாம் விட்டுவிட்டு, இரண்டு சேலைகளுக்கு நடுவே ஒரு கிராமபோன் தட்டை வைத்துச் சுருட்டிக்கொண்டு வந்தார். குஞ்சரவல்லி கல்கத்தாவுக்குப் போய்ப் பாடிய தட்டு, அதில் ஆர்மோனியம் அண்ணன். பாட்டு முடியும் தறுவாயில் அந்த அம்மாள் மேல் ஸ்தாயியில் ஏறி நிற்கும்போது அண்ணன் தன்னை மறந்து, "பலே!" என்று ஒரு சத்தம் போடுவார். உடனே தொண்டைக்குள் ஒரு சின்னச் சிரிப்பு. அது எங்கள் அப்பாவின் சிரிப்பு. தட்டில் ஒட்டிய காகிதத்தில் அண்ணன் பேர் கிடையாது. அந்தச் சத்தமும் சிரிப்பும்தான் அவர்.

பஞ்சாலையில் எனக்கு வேலை கிடைத்ததும், துளசிராம் என்பவர் வீட்டை ஒட்டி ஒரு சின்ன வீடு பிடித்தோம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். துளசிராம் அண்ணன் நெசவாளர் குடும்பம். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், தெருவுக்கு வந்தால் மதுரைத் தமிழ். நூல் வியாபாரத்தோடு, கல்யாண வீடுகளுக்குக் கிராமபோன் கொண்டுபோய்ப் பாட்டு வைப்பதும் அவர் தொழில். அவரிடம் இரண்டு தகரப் பெட்டிகள் இருந்தன. ஒன்றில் உயிரோடிருக்கும் பாடகர்களின் தட்டுகள், மற்றதில் காலமானவர்களுடையவை. ஒருமுறை அலங்காநல்லூரில் தாலி கட்டும் நேரத்தில், போன மாதம் செத்துப்போன நாகசுரக்காரர் ஒருவரின் தட்டை இவர் வைத்துவிட்டாராம். பெண்ணுக்குத் தாய்மாமன் பந்தலே அதிரக் கத்தினாராம். "மங்கள காரியத்துல செத்தவன் மூச்ச ஊதவிடுறியே, நீயெல்லாம் மனுசனா?" அன்றைக்குப் பிரிந்தவைதான் இரண்டு பெட்டிகளும். போனவர் தட்டை வீட்டில் வைத்தாலும் முதலில் பூஜை மணியை ஒரு தரம் அடிப்பார். வீட்டில் சூலிப் பெண்ணோ புதுப்பெண்ணோ இருந்தால் எழுந்து உள்ளே போய்விடுவதற்கு அது அடையாளம். அந்தத் தெருவில் மணிச் சத்தம் கேட்டு, பின்னால் பாட்டுக் கேட்டால், பாடுகிறவர் இல்லை என்று தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடுவோம். பாதி நேரம் பாட்டு, மீதி நேரம் சண்டை. அந்தக் கூட்டத்துக்கு ஒரு சட்டம் உண்டு. தன் தட்டு ஒன்றைப் பொதுவில் வைத்தவன்தான் வாதாடலாம், மற்றவன் கேட்டுவிட்டுப் போகலாம். தட்டு வைக்காதவனுக்கு வாய் கிடையாது. பரவைச் சந்தையில் காய்கறி வியாபாரம் செய்யும் சோலைமலைக்கு எழுமலை இருளப்பன் நாகசுரம்தான் உயிர். "தராசுல நீங்க அம்புட்டுப் பேரும் ஒரு தட்டுல நில்லுங்க, இருளப்பன் ஒரு தட்டுல நிக்கட்டும்" என்று துண்டை உதறுவார். துளசிராம் அண்ணன் மாணிக்க பாகவதர் கட்சி. "மாப்ள, ஊதுறது வேற, பாடுறது வேற. ஒங்காளு தொண்டையத் தொறந்து ஒரு வரி பாடட்டும் பாப்பம்" என்பார். நாலு வாரம் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். ஐந்தாம் வாரம் பொறுக்கவில்லை. மதினியிடம் போய்த் தட்டைக் கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். எங்களிடம் கிராமபோன் இல்லை. அங்கே வைத்தால் சுவருக்கு இந்தப் பக்கம் அவர் காதிலும் விழும் என்றுதான் கடைசியில் கொடுத்தார்.

முதல் நாள் அண்ணனின் "பலே" கேட்டதும் சோலைமலை முகத்தைச் சுளித்தார். "நல்லாப் பாடுற பொம்பளையக் கெடுக்கிறதுக்குன்னே ஒருத்தன் பக்கத்துல உக்காந்து கத்துறான் பாரு." அது என் அண்ணன் என்றேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து, பரிகாரம் செய்கிறவரைப் போல, அண்ணன் "பலே" என்றதும் இவரும் "பலே, அண்ணே!" என்று பதில் சத்தம் போடுவார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முன்பின் பார்த்திராத ஓர் ஆளை ஏழெட்டு மதுரைக்காரர்கள் வாரம் ஒருமுறை கூப்பிட்டுப் பேசினார்கள். வீட்டுக்கு வந்தால் மதினி சுவரோரமாக உட்கார்ந்திருப்பார், முகம் தெளிந்திருக்கும். அந்த ஒரு நாள்தான் வயிறாரச் சாப்பிடுவார்.

ஆனால் காலம் நன்றாயில்லை. ஆலையில் வாரம் தவறாமல் அபாயச் சங்கை ஊதிப் பார்த்தார்கள். ஜன்னல் கண்ணாடிகளில் காகிதம் ஒட்டச் சொன்னார்கள். துளசிராம் அண்ணனின் போனவர் பெட்டி மாதத்துக்கு மாதம் கனத்தது. ஒரு நாள் மேலூர்ச் சந்தையில், நடந்தே வந்து சேர்ந்த ஒரு ரங்கூன்காரரைச் சந்தித்தேன். கன்னத்தில் சதையே இல்லை. நாடகக் கம்பெனியைப் பற்றிக் கேட்டேன். "குஞ்சரவல்லி அம்மா மலையிலயே போயிட்டாங்க. பேதி. நான் கண்ணால பாத்தேன்" என்றார். ஆர்மோனியக்காரர்? "கூட நாலஞ்சு பேரு படுத்துக் கெடந்தாங்க. யாரு எவருன்னு நின்னு பாக்குற எடமா அது?" அதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை. வீடு வரும்வரை பஸ்ஸில் ஒரே முடிவுதான் எடுத்தேன்: மதினியிடம் மூச்சு விடக்கூடாது. மூன்று வாரம் அப்படியே விழுங்கிக்கொண்டு திரிந்தேன்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். குஞ்சரவல்லி தட்டை எடுத்துத் துடைக்கும்போது, எல்லோரும் கேட்கிற கேள்வியை அவரும் கேட்டார்: "ஆளு இருக்காகளா?" என்னைப் பார்த்துத்தான் கேட்டார். தட்டு என்னுடையதல்லவா? மூன்று வாரம் வீட்டில் அடக்கி வைத்தது அங்கே தானாக வெளியே வந்துவிட்டது. "இல்லை. மலை வழியில் தவறிவிட்டார்" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. துளசிராம் அண்ணன், "அடடா, சொல்லவே இல்லையே தம்பி" என்று உச்சுக் கொட்டினார். அவர் கை தன் பாட்டுக்குப் பூஜை மாடத்து மணிக்குப் போனது. அவர் மேல் குற்றம் இல்லை. தட்டு என்பது பாடினவருக்குச் சொந்தம், கூட வாசித்தவர்களுக்குத் தனிப்பெட்டி கிடையாது. அது தொழில் முறை. தடுக்க எனக்கு நேரம் இருந்தது. "மணி வேண்டாம், அண்ணே" என்று மூன்று சொல். ஆனால் அவர்கள் சட்டத்துக்கு உட்பட்டுத்தானே எனக்கு வாய் கொடுத்தார்கள், வந்தேறி நான் எப்படிக் குறுக்கே பேசுவது என்று ஒரு கணம் தயங்கினேன். அந்தத் தயக்கத்தை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மணி ஒரு தரம் அடித்தது. தட்டு சுற்றியது. குஞ்சரவல்லி மேலே ஏறி நின்றார். "பலே!" என்றார் அண்ணன். அன்றைக்கு ஒருவரும் பதில் சத்தம் போடவில்லை. சோலைமலை துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த நிசப்தத்தில் அண்ணனின் சிரிப்பு முழுசாகக் கேட்டது. அதற்கு முன் அது இவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று நினைக்கவே பயமாக இருந்தது. பாட்டு முடிவதற்குள் எழுந்து ஓடினேன்.

மதினி அடுப்படியில் இருந்தார். அழுகை இல்லை. அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"மணி அடிச்சாகளே, தம்பி. யாருக்கு?"

"குஞ்சரவல்லி அம்மாளுக்கு, மதினி. வேறு யாருக்கும் இல்லை. தட்டு அவர் பேரில் இருப்பதால் அப்படி..."

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மூன்று வாரமாக."

அரிசித் தண்ணீரை வடித்தார். மறுபடி தண்ணீர் ஊற்றினார். "அந்தம்மா கூடத்தான ஒங்கண்ணன் நடந்து வாரேன்னு எழுதுனாக?" என்றார்.

அண்ணனைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, பார்த்ததாகவும் சொல்லவில்லை, பார்க்காததாகவும் சொல்லவில்லை என்று நான் அடித்துப் பேசினேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. மதினி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "தட்டு அங்கனயே இருக்கட்டும், தம்பி. இனி இங்க கொண்டாராதீக" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சுவரோரம் உட்காருவதும் இல்லை. துளசிராம் அண்ணன் விஷயம் தெரிந்து வருந்தினார். "இருக்கிறவுக பெட்டியிலயே திருப்பி வச்சிர்றேன், தம்பி" என்று வாசலில் வந்து நின்றார். அடித்த மணியை எந்தப் பெட்டியில் திருப்பி வைப்பது?

இதையெல்லாம் நான் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம்மவர்களில் மலை வழியாக வந்தவர்கள் எத்தனையோ பேர் இதைப் படிக்கலாம். ஆர்மோனியத்தோடு ஒருவரை, அல்லது ஆர்மோனியத்தை வழியில் போட்டுவிட்டு வந்த ஒருவரைப் பார்த்திருந்தால், இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுங்கள். எந்தச் செய்தியானாலும் சரி. நல்ல செய்தி மட்டும்தான் வேண்டும் என்று கேட்கிற நிலையை நாங்கள் தாண்டிவிட்டோம்.

ஏனென்றால் இப்போது எங்கள் வீட்டில் ஒன்று நடக்கிறது. குழாயடிக்குத் தண்ணீருக்குப் போகும்போது, மதினி கண்ணாடி முன் நின்று நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொள்கிறார். தெருவில் பெண்கள் கூப்பிட்டால் நின்று பேசுகிறார், "அவுக வந்துருவாக" என்று சிரிக்கவும் சிரிக்கிறார். திரும்பி வந்து, குடத்தை இறக்கி, கதவைச் சாத்தியதும், முந்தானையை நனைத்து அந்தக் குங்குமத்தை அழுந்தத் துடைத்துவிடுகிறார். தாலியில் மட்டும் கை வைக்கவில்லை. ஒரு நாளைக்கு எங்களுக்கு நாலு குடம் தண்ணீர் வேண்டும். நாலு முறை வைக்கிறார், நாலு முறை துடைக்கிறார்.